நரம்புறைக் கட்டியா, நரம்புறைக் கழலையா?

மடல் 1
அனுப்புநர்: நோய்க்குறியியல் மருத்துவர், இராமநாதபுரம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தோலில் நரம்பின் உறையிலிருந்து கிளம்பும் கட்டிகளுக்குத் தமிழில் ஒரு பெயர்த்தொகுதி வேண்டும். புற்றுநோய் அல்லாத, பெரும்பாலும் அரிதான கட்டிகள் இவை. சுவானோமா, நியூரோஃபைப்ரோமா, பெரிநியூரியோமா, நெர்வ் ஷீத் மிக்ஸோமா, கிரானுலார் செல் ட்யூமர் என்று நாங்கள் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்டோம். பாடநூலுக்காகக் கேட்கவில்லை. சதைப் பரிசோதனை முடிவோடு நோயாளி கையில் கொடுக்க ஒரு பக்கத் தமிழ்த் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே தட்டுகிறது.

ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார், கடலில் பாசி எடுக்கப் போகிறவர். ஆள்காட்டி விரலின் உள்பக்கம் பட்டாணி அளவில் கெட்டியான உருண்டை. பாறையில் பாசி பறிக்கும்போது விரல் கிழியாமலிருக்கத் துணிக்கீற்றைச் சுற்றிக்கொள்வார்கள். அந்தத் துணி அழுத்தி வந்த காய்ப்பு என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பிறகு, பாறைச் சில்லு உள்ளே தங்கிவிட்டது என்றார்களாம். பக்கத்து வீட்டு அம்மா சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பத்துப் போட்டுவிட்டார். உருண்டை அப்படியே இருந்தது, மேல்தோல்தான் வெந்துபோனது.

எடுத்து அனுப்பிய சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நெருக்கமான இளஞ்சிவப்பு நார்ப் படுகையில் சின்னச் சின்ன செல்கள் சுழி சுழியாக ஒன்றையொன்று சுற்றிக் கிடந்தன. சில்லும் இல்லை, சீழும் இல்லை. விரலிலும் உள்ளங்கையிலும் இளவயதினருக்கு வரும் ஒரு வகை பெரிநியூரியோமா இப்படித்தான் இருக்கும். தசைநாண் உறையில் வரும் நார்க்கட்டியும் இதே இடத்தில் இதே கெட்டித்தன்மையோடு வரும் என்பதால், எந்த வகைச் செல் என்று காட்டும் சிறப்புச் சாயங்களுக்கு வெளியூர் அனுப்பினோம். இ.எம்.ஏ. சாயம் ஏறியது, எஸ்-100 ஏறவில்லை. பெரிநியூரியோமாவேதான். முழுதாக எடுத்தாகிவிட்டது. திரும்ப வருவது மிக அரிது.

எனக்கு நிம்மதி. அவருக்கோ அன்றுதான் பயமே தொடங்கியது. ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்ன யாரோ, 'ஓமா'வில் முடிகிற பெயரெல்லாம் ஒரே ஜாதி என்று சொல்லிவிட்டார்கள். "கடைசில 'ஓமா'ன்னு வந்தா கேன்சர்தானாமே டாக்டர்? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டார். நான் வாயால் சொன்னதை நம்பினாரா என்று தெரியாது. வீட்டுக்குப் போனபின் அவர் கையில் மிச்சமிருப்பது அந்தத் தாள்தானே? அதில் அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு முழுப் பிரிவுக்கும் 'நரம்புறைக் கட்டி' என்று வைத்திருக்கிறேன். வரைவை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள்.


மடல் 2
அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கீழக்கரை

மருத்துவர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் தாளை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒன்று வர வேண்டுமென்று நெடுநாள் ஆசை. ஆனால் 'கட்டி' வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன்.

நம் கரையில் கட்டி என்றால் அது பழுக்கும், உடையும், சீழ் வடியும், ஆறும். வேனல் கட்டி, அக்குள் கட்டி எல்லாம் அப்படித்தான். "பழுத்திருச்சா?" என்பதுதான் அடுத்த கேள்வி. பழுக்காவிட்டால் பழுக்க வைக்கப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பத்துப் போட்டது அறியாமையால் அல்ல; கட்டி என்ற சொல் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியம் அது. நீங்கள் தாளிலும் கட்டி என்றே எழுதினால் அடுத்த விரலும் வேகும். கொழுப்புக்கட்டி என்று வழங்குகிறதே என்று கேட்கலாம். அங்கே கொழுப்பு என்ற முன்சொல் காப்பாற்றிவிடுகிறது. நரம்பு என்ற முன்சொல்லுக்கு அந்த வலு கிடையாது.

என் விருப்பம் 'கழலை'. பழைய சொல், ஆனால் செத்த சொல் அல்ல. முன்கழுத்துக் கழலை என்று பள்ளிப் பிள்ளைகளே படிக்கிறார்கள். கழல் என்ற வினையோடு சேர்த்துப் பாருங்கள்: கையில் பிடித்தால் கழன்று நழுவுவது. பழுப்பதும் உடைவதும் இந்தச் சொல்லில் இல்லை. புற்று என்ற அச்சமும் இல்லை.

அடுத்தது 'நரம்பு'. இதில் உங்களை எச்சரிக்க வேண்டும். ஊரில் நரம்பு ஊசி என்றால் ரத்தக்குழாயில் போடுவது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்றால் காலில் ரத்தக்குழாய் புடைத்தது. தசைநாண் பிசகினாலும் நரம்புதான். நரம்புத் தளர்ச்சி விளம்பரங்கள் அந்தச் சொல்லுக்குச் செய்த கெடுதலை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, உங்கள் தலைமுறை கேள்விப்பட்டிராதது: நரம்புச் சிலந்தி. காலில் தோலுக்கடியில் நீளமாக நெளிந்து, கொப்புளம் உடைந்து வெளிவரும் புழு. படியிறங்கி மொண்ட தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வந்த நோய். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் அது ஒழிந்தது என்று சான்றளித்தது. நோய் போனாலும் பெயர் பெரியவர்கள் நாவில் இருக்கிறது. நரம்பு என்று தொடங்கி, தோலுக்கடியில் ஒன்று என்று நீங்கள் சொன்னால் என் வயதுக்காரர்கள் புழுவை நினைப்பார்கள்.

கடைசியாக 'உறை'. வரைவின் நடுவில் 'உறையற்ற நரம்புறைக் கட்டி' என்று ஒரு தொடர் இருக்கிறது. உறை இருக்கிறதா இல்லையா? இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே சொல்லைப் பூட்டியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நரம்பின் உள்ளமைப்பு என்ன? ஓர் உறையா, பல உறைகளா? அதைச் சொல்லுங்கள், சொற்கள் தாமே வரும்.


மடல் 3
அனுப்புநர்: நோய்க்குறியியல் மருத்துவர், இராமநாதபுரம்

ஐயா, வணக்கம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். மடல் நீளும், எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

> கையில் பிடித்தால் கழன்று நழுவுவது

இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். நரம்புறையிலிருந்து வந்ததைக் கையாலேயே இனங்காண எங்களுக்குச் சொல்லித்தரும் பாடமே நழுவல்தான். நரம்பு ஓடும் திசைக்குக் குறுக்கே தள்ளினால் இரண்டு பக்கமும் அசையும். நரம்பு ஓடும் திசையிலேயே மேலும் கீழும் தள்ளினால் அசையாது, நரம்பு பிடித்து வைத்திருக்கும். கொழுப்புக்கட்டிக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, எந்தப் பக்கமும் வழுக்கும். மேலே மெல்லத் தட்டும்போது நரம்பு போய்ச் சேரும் இடம்வரை சுரீரென்று கூச்சம் ஓடினால் ஐயம் இன்னும் வலுக்கும். காயம்பட்ட நரம்புகளுக்காக ஜூல்ஸ் டினெல் 1915ல் எழுதிவைத்த அடையாளம் அது. தோலின் மேலடுக்கில் வரும் மிகச் சிறியவற்றில் இந்த இரண்டுமே தெரியாமல் போகலாம், அங்கே ஓடும் நரம்புக் கிளையே அவ்வளவு மெலிது. ஆக, கழலை. இதில் எனக்கு இனி மறுபேச்சில்லை.

> நரம்பு ஊசி என்றால் ரத்தக்குழாயில் போடுவது

உண்மை. ஆனாலும் நரம்பை விட மனமில்லை. பள்ளியில் அறிவியல் படித்த பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது. தாளில் முதல் வரியிலேயே 'உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு' என்று விளக்கி, ஊசி போடும் ரத்தக்குழாய் அல்ல என்றும் எழுதிவிடுகிறேன். சொல்லை மாற்றுவதைவிட அதைச் சுற்றியுள்ள குழப்பத்தை ஒரு வாக்கியத்தில் துடைப்பது எளிது.

> ஓர் உறையா, பல உறைகளா?

மூன்று. இங்கேதான் நம் கரையே கைகொடுக்கிறது. கரைவலை வடத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நரம்பின் அமைப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இழைகள் சேர்ந்து புரி, புரிகள் சேர்ந்து வடம். நரம்பும் அப்படியே. தனித்தனி நரம்பிழைகள் கட்டாகச் சேர்ந்து ஒரு புரி. பல புரிகள் சேர்ந்து நாம் கண்ணால் காணும் நரம்பு. ஒவ்வோர் இழையையும் சூழ்ந்த மென்மையான உறையை எண்டோநியூரியம் என்கிறோம், புரியைச் சுற்றிய அடுக்குறை பெரிநியூரியம், மொத்த நரம்பையும் போர்த்தியது எபிநியூரியம். இழையுறை, புரியுறை, வடவுறை என்று வைத்தால் என்ன? அகம், சூழ், புறம் என்று முன்னொட்டு போட்டு ஏற்கெனவே சிலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் எது எதைச் சூழ்ந்தது என்பது தெரியாது. 'புரியுறை' சொன்னவுடனே இடத்தைக் காட்டிவிடுகிறது.

அப்படியானால் பாம்பன் பெண்ணின் விரலிலிருந்து எடுத்தது 'புரியுறைக் கழலை'. 1978ல்தான் இது தனி இனமாக முதலில் விவரிக்கப்பட்டது. மற்றவற்றோடு கலந்துபோய்விடக்கூடிய ஒன்று. எந்தச் செல்லிலிருந்து பிறந்தது என்பதுதான் கண்டறிதலின் உயிர்நாடி. நரம்பிழையை அணைத்திருக்கும் சுவான் செல்லுக்கு எஸ்-100, சாக்ஸ்-10 சாயங்கள் ஏறும். புரியுறைச் செல்லுக்கு அவை ஏறாது, இ.எம்.ஏ., குளூட்-1, கிளாடின்-1 ஏறும். எஸ்-100 என்ற எண்ணைப் பற்றிப் பலரும் கேட்பதால் இடையில் ஒரு வார்த்தை: நூறு சதம் செறிந்த அமோனியம் சல்ஃபேட் கரைசலிலும் அந்தப் புரதம் கரைந்து நின்றதால் வந்த பெயர் அது. நோயோடு அந்த எண்ணுக்குச் சம்பந்தமில்லை.

உறை இரட்டிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முழுச் சரி. நரம்பின் உறை வேறு, கழலையைச் சுற்றித் தடித்திருக்கும் மேல்மூடி வேறு. இரண்டாவதற்குப் 'பொதி' என்று வைக்கிறேன். பொதி உள்ளது, பொதி அற்றது. இந்த வேறுபாடு வெறும் சொல்லழகு அல்ல, அறுவை செய்பவரின் கையை நடத்துவது இதுதான். சுவானோமாவுக்குப் பொதி உண்டு, நரம்பு அதன் ஓரத்தில் ஒதுங்கி ஓடும். பொதியைக் கீறிக் கழலையை மட்டும் வழித்தெடுத்து நரம்பைப் பிழைக்க வைக்கலாம். நியூரோஃபைப்ரோமாவுக்குப் பொதி கிடையாது, நரம்பிழைகள் அதன் ஊடாகவே ஓடும். பெரிய நரம்பில் வந்திருந்தால் ஊடே ஓடும் இழைகளைக் காயப்படுத்தாமல் அதைப் பிரித்தெடுப்பது கடினம்.

இனி வகைகள்.

சுவானோமா: 'சுவான் கழலை'. மைக்ரோஸ்கோப்பில் இதை அடையாளம் காண்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் வேலை. ஓரிடத்தில் செல்கள் நெருக்கி, கருக்கள் வேலிக்கால்போல் இரண்டு வரிசையாக அணிவகுத்து, நடுவே கருவே இல்லாத ஒரு வெளிர்ப்பட்டை ஓடும். 1910ல் இதை எழுதியவர் வெரோக்கே, அவர் பெயராலேயே வழங்குகிறது. இன்னோரிடத்தில் அதே கழலை தளர்ந்து நீர்கோத்துக் கிடக்கும். இந்த இரண்டையும் வகுத்தவர் பெயரால் நெருக்கத்தை ஆன்டனி அ, தளர்ச்சியை ஆன்டனி ஆ என்று எழுதலாம்.

நியூரோஃபைப்ரோமா: 'நரம்பு நார்க் கழலை'. இதில் சுவான் செல், நார்ச்செல், புரியுறைச் செல், மாஸ்ட் செல், நரம்பிழை எல்லாம் கலந்து கிடக்கும். எஸ்-100 சில செல்களில்தான் ஏறும், சி.டி-34 வேறு சிலவற்றில் ஏறும். விரலால் அழுத்தினால் பொத்தான் துளைக்குள் போவதுபோல் உள்ளே அமிழும். தனியாக ஒன்று வந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பல வந்தால்தான் தேட வேண்டும்: பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல், பருவமடையாத பிள்ளைகளுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல், ஆறோ அதற்கு மேலோ பால்காப்பி நிறத் திட்டுகள், அக்குளில் பொடிப் புள்ளிகள், கருவிழிக்குப் பின்னுள்ள வண்ணப்படலத்தில் சிறு முடிச்சுகள். இவை காட்டுவது நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை, 1882ல் ஃபிரிட்ரிக் ஃபொன் ரெக்லிங்ஹவுசன் விரித்தெழுதிய நோய். 17ஆம் குரோமோசோமில் உள்ள மரபணுவில் பழுது. ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு வருவது, அவர்களில் பாதிப் பேருக்குத் தாய் தந்தையிடம் இல்லாமலே புதிதாக வருவது.

இந்தத் திட்டுகளை 'மறு' என்று எழுதலாமென்று ஒரு யோசனை வந்திருந்தது. வேண்டாம். மறுவும் மருவும் பேச்சில் ஒன்றாகிவிடும். 'பழுப்புத் திட்டு' போதும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொண்டிப் பக்கத்து மீனவர் ஒருவர், மார்பும் முதுகும் முகமுமாக நார்க் கழலைகள். பல ஆண்டுகளாக முழுக்கைச் சட்டை. படகில் அவருக்கென்று தனித் தம்ளர். பெருவியாதி, அதாவது தொழுநோய், என்று யாரோ என்றோ சொன்னதை ஊரும் நம்பி, அவரும் நம்பிவிட்டார். இரண்டுமே தோலையும் நரம்பையும் தொடுகிற நோய்கள்தான். தொழுநோயில் நரம்பே தடிக்கும். காதுக்குக் கீழே கழுத்தின் குறுக்கே ஓடும் நரம்பு, முழங்கைக்குப் பின்னுள்ள நரம்பு இரண்டும் விரலுக்குத் தட்டுப்படும், தோலில் உணர்ச்சி போகும். நார்க் கழலையின் மேல் பஞ்சை வைத்தால் அவருக்குத் தெரிந்தது, குண்டூசி நுனியை வைத்தால் வலித்தது. அதை அவர் மனைவியையும் பார்க்க வைத்தோம். தொழுநோயும் கூட்டு மருந்தில் முழுதாகக் குணமாகும், அதற்காகவும் யாரையும் ஒதுக்க நியாயமில்லை. ஆனால் இல்லாத நோய்க்காக ஒருவர் தனித் தம்ளரில் குடித்தது மனதை விட்டுப் போகவில்லை. 'தொற்றாது' என்ற சொல் தாளில் கொட்டை எழுத்தில் வரும்.

கிரானுலார் செல் ட்யூமர்: 'குருணைச் செல் கழலை'. செல்லுக்குள் குருணை குருணையாக நிறைந்திருக்கும், எல்லாருக்கும் தெரிந்த சொல். 1926ல் அப்ரிகோசாஃப் எழுதியபோது தசையிலிருந்து வந்ததாகக் கருதினார். பின்னால்தான் சுவான் செல் வழி என்று தெளிந்தது. நாக்கில் அதிகம் வரும். இதில் பெரிய பொறி ஒன்றுண்டு: கழலையின் மேலுள்ள தோல் வேர்விட்டு உள்ளிறங்கி, பார்ப்பதற்குப் புற்றுபோலவே இருக்கும். மேலாகச் சுரண்டி அனுப்பினால் கழலை வராது, மேல்தோல் மட்டும் வரும், படிப்பவர் புற்று என்று எழுதிவிடக்கூடும். நாக்கிலிருந்து அனுப்பும் மருத்துவர்கள் ஆழமாக எடுத்து அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

முகத்தில் நடுவயதில் வரும் சிறு உருண்டைக்கு, பொதியும் வேலிவரிசையும் உள்ள நியூரோமா என்று 1972ல் பெயர் வைத்தார்கள். பல சமயம் பொதி முழுதாக இருப்பதில்லை, வரிசையும் தெளிவாக இருப்பதில்லை. ஆகவே 'தனித்த வரம்புடை நரம்புக் கழலை' என்ற மாற்றுப்பெயரின் வழியே போகலாம்.

நெர்வ் ஷீத் மிக்ஸோமா: உள்ளே வழவழவென்று சளிப்பொருள் நிறைந்தது, விரல்களில் அதிகம், எஸ்-100 நன்றாக ஏறும். 'வழும்புக் கழலை' என்று யோசிக்கிறேன். இதைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன்.

நியூரோதீக்கியோமா: இதை மொழிபெயர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தீக்கே என்ற கிரேக்கச் சொல்லுக்கு உறை என்று பொருள். 1980ல் நரம்புறையிலிருந்து வந்தது என்று நம்பி அந்தப் பெயரை வைத்தார்கள். செல் நிறைந்த வகையில் எஸ்-100 ஏறுவதில்லை. நரம்புறைக்கும் அதற்கும் உறவில்லை என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. ஆங்கிலத்தில் பெயர் பழகிவிட்டது, அவர்களால் மாற்ற முடியவில்லை. நாம் இன்றுதான் பெயர் வைக்கிறோம். தவறென்று தெரிந்த கருத்தைத் தமிழில் புதிதாகக் கட்டி எழுப்ப வேண்டாம். ஒலிபெயர்த்து, இந்தக் குடும்பத்துக்கு வெளியே வைப்போம்.

பினைன் என்பதற்குத் 'தீங்கற்ற' என்று எழுதுவதையும் மறுபரிசீலிக்க வேண்டும். வலிக்கிறது, அழுத்துகிறது, முகத்தில் இருக்கிறது. தீங்கில்லை என்று நாம் எப்படிச் சொல்வது? மரபணுப் பழுதோடு வரும் நார்க் கழலை உள்ளவர்களில் நூற்றுக்கு எட்டு முதல் பதின்மூன்று பேருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்று வரக்கூடும். 'புற்றல்லாத' என்பதே நேர்மையான சொல். இன்று எடுத்த சதையில் புற்று இல்லை, அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடிவது.


மடல் 4
அனுப்புநர்: மருத்துவ மாணவர், தேவிபட்டினம்

மேடம், ஐயா, இருவருக்கும் வணக்கம்.

புரியுறை எனக்கு மிகவும் பிடித்தது. விடுதியில் காட்டினேன். நண்பர்கள் சிலர் 'புரிந்துகொள்ளும் உறை' என்று படித்தார்கள். புரி என்றால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது வினைச்சொல்தான். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கயிறு தெரியும், தர்மபுரிப் பிள்ளைக்குத் தெரியுமா?

வடவுறை இன்னும் சிக்கல். வடக்குப் பக்கத்து உறை என்றே தோன்றுகிறது.

சுவான் கழலை பாதி தமிழ், பாதி ஜெர்மன். முழுத் தமிழாக, காப்பணுக் கழலை என்பதுபோல் ஒன்று வைக்கலாமே? உள்ளே பல புரிகளையும் பிடித்துப் புடைத்து வளரும் பிளெக்ஸிஃபார்ம் வகைக்குப் 'பின்னல் நார்க் கழலை' சரியா? எங்கள் பேராசிரியர் வகுப்பில் புழுப்பை என்று கையால் காட்டிச் சொல்வார். அதைச் சொல்லாக வைக்க முடியாது.


மடல் 5
அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கீழக்கரை

தம்பி, வடவுறையில் நீ சொன்னது சரி. வடத்துக்கும் வடக்குக்கும் இடையில் வாசகன் தடுமாறுவான். மேலே போர்த்தியது என்பதால் 'மேலுறை' என்றே விட்டுவிடலாம். இழையுறை, புரியுறை, மேலுறை. மூன்றும் ஓசையிலும் ஒட்டுகின்றன.

புரிக்கு நான் வாதாடுவேன். முப்புரி நூல், முறுக்கு விட்ட புரி என்று உள்நாட்டிலும் வழங்குகிறது. கயிற்றை மறந்த பிள்ளைக்கு இந்தச் சொல் கயிற்றையும் சேர்த்துச் சொல்லித்தரட்டும். முதல் தடவை எழுதும்போது 'நரம்புப்புரி' என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கினால் வினைச்சொல் குறுக்கே வராது.

சுவான் இருக்கட்டும். தியோடர் சுவான் 1839ல் அந்தச் செல்லை விவரித்தார், கண்டவர் பெயரைக் கழற்றுவது முறையல்ல. காப்பணு என்று வைத்தால் காக்கிற செல்கள் உடம்பில் எத்தனையோ, எது என்று கேட்பார்கள். அக்கரையில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்கர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். தமிழால் முடியுமா என்ற கேள்விக்கு நம் கடலுக்கு அந்தப் பக்கமே எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. ஆகவே பெயர்ச்சொல் ஒன்று அயலாக நிற்பதால் நமக்குக் குறைவில்லை.

'பின்னல் நார்க் கழலை' அருமை. எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

'புற்றல்லாத' என்பதில் ஒரு சின்ன ஐயம். பெயரிலேயே புற்று வந்துவிடுகிறதே? பயந்த மனம் 'அல்லாத'வைக் கேட்காது. பெயரில் ஒன்றும் வேண்டாம், வெறும் நரம்புறைக் கழலை போதும். புற்று வந்தால் அதற்கு நரம்புறைப் புற்று என்று தனிப்பெயர் இருக்கிறதே. கழலை என்றாலே புற்று அல்ல என்று வழக்கில் நிலைநிறுத்திவிடுங்கள்.


மடல் 6
அனுப்புநர்: நோய்க்குறியியல் மருத்துவர், இராமநாதபுரம்

ஐயா சொன்னபடியே. கழலை, புற்று என்று இரண்டு தனிச்சொற்கள், அடைமொழி இல்லாமல். ரிப்போர்ட்டின் ஆங்கிலப் பெயருக்குக் கீழே தமிழ்ப்பெயரும் இனி வரும். மேலுறையும் பின்னலும் ஏற்றேன். தம்பிக்கு நன்றி.

தாளின் முதற்பகுதி இப்போது இப்படி நிற்கிறது:

"உங்கள் தோலிலிருந்து எடுத்த உருண்டை ஒரு நரம்புறைக் கழலை. உணர்ச்சியைக் கடத்தும் நரம்பைச் சுற்றி உறை இருக்கிறது, அதிலிருந்து வளர்ந்தது இது. ஊசி போடும் ரத்தக்குழாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. இது புற்றுநோய் அல்ல. தொழுநோயும் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இது பழுக்காது, உடையாது. சுண்ணாம்போ வேறு பத்தோ போட வேண்டாம். எடுத்த இடத்தில் மறுபடி தடித்தால், உடம்பில் வேறு இடங்களில் பல உருண்டைகள் வந்தால், இருக்கிற ஒன்று திடீரென்று வேகமாகப் பெரிதானால், வலி கூடிக்கொண்டே போனால், கை கால் மரத்துப்போனால் உடனே வாருங்கள். உங்கள் கழலையின் வகை கீழே எழுதப்பட்டுள்ளது."

அந்தக் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு. அதில் கையால் வகைப்பெயரை எழுதிக் கொடுப்பேன். விரல் தையல் பிரிக்க வரும்போது பாம்பன் பெண்ணுக்குத்தான் முதல் தாள். 'புரியுறைக் கழலை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது வழும்பு. மீன் மேல் படிகிற வழவழப்பு என்ற பொருளில் எனக்குத் தெரிந்தது. மண்டபம், ஏர்வாடி, மூக்கையூர்ப் பக்கம் மீன் ஆய்கிறவர்கள் இன்றும் அப்படிச் சொல்கிறார்களா, அருவருப்பு தொனிக்குமா என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். தொனிக்கும் என்றால் வேறு சொல் தேடுவோம். வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.